சட்டக் கல்லூரிக்கு முன் ஒரு வழக்கறிஞருடன் சில நாட்கள்: வேலூர் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர் நீதிமன்றங்களில் தொழில் செய்யும் வழக்கறிஞர் என்பதால், ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ பொதுத்தேர்வு முடியும் நேரத்தில் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்விகள் வருகின்றன. கேட்பவர்கள் பெரும்பாலும் குடும்பத்தில் ஒரு வக்கீல்கூட இல்லாத பிள்ளைகள். குடியாத்தத்தில் தறி ஓட்டும் வீடு, ஆம்பூரில் தோல் தொழிற்சாலைக்குப் போகும் வீடு, அணைக்கட்டுப் பக்கம் இரண்டு ஏக்கர் நிலத்தை நம்பியிருக்கும் வீடு என்று பல இடங்களிலிருந்து வருகிறார்கள். வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு வாய்தாவும் வக்காலத்தும் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே பழகிவிடுகின்றன. மற்ற பிள்ளைகளோ கல்லூரியில் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் ஒரு நீதிமன்ற அறைக்குள் முதன்முதலாகக் கால் வைக்கிறார்கள். அந்த இடைவெளியைச் சேருவதற்கு முன்பே ஓரளவு குறைத்துவிட முடியும் என்பதால் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

வழக்கறிஞருடன் உடனிருந்து கவனிப்பது என்றால் என்ன? இன்டர்ன்ஷிப்பும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. இன்டர்ன்ஷிப் என்பது சட்டக் கல்லூரியில் சேர்ந்த மாணவருக்கு உரியது. வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தவர் குறைந்தது 12 வாரங்களும், ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்தவர் குறைந்தது 20 வாரங்களும் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். அது பட்டத்தின் ஒரு பகுதி. நாம் இங்கே பேசுவது அதற்கு முந்தைய நிலை. ஒரு வழக்கறிஞரின் அனுமதியுடன் சில நாட்கள் அவரோடு நீதிமன்றத்துக்குச் சென்று, அவர் ஆஜராகும் வழக்குகளைப் பார்வையாளர் இருக்கையிலிருந்து கவனித்து, மாலையில் அவர் அலுவலகத்தில் அவர் அனுமதிக்கும் அளவுக்கு இருந்துவிட்டு வீடு திரும்புவது மட்டுமே. இதற்கு விதி இல்லை, படிவம் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. இந்த நாட்களை வைத்துப் பிற்பாடு அந்த 20 வாரங்களில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

சட்டம் படிக்காத ஒருவர் நீதிமன்ற அறைக்குள் உட்காரலாமா? யாராவது எழுப்பிவிட்டால் என்ன செய்வது?

உட்காரலாம். நம் நாட்டில் நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதே பொதுவிதி. குற்ற வழக்குகளுக்கு இதைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 366ஆம் பிரிவு சொல்கிறது (2024 ஜூலை 1 வரை நடைமுறையில் இருந்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 327ஆம் பிரிவு). சிவில் வழக்குகளுக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 153பி பிரிவும் அதையே சொல்கிறது. இடவசதி உள்ள அளவுக்கு என்பதும், தேவைப்பட்டால் நீதிபதி யாரையும் வெளியே இருக்கச் சொல்லலாம் என்பதும் அதோடு சேர்ந்தவை.

ஆகவே சத்துவாச்சாரியில் உள்ள ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்துக்குள் நீங்கள் நுழைவது யாருடைய சலுகையும் அல்ல. நுழைவாயிலில் காவலர் விசாரித்தால், வழக்கு நடப்பதைப் பார்க்க வந்திருக்கும் மாணவர் என்று சொல்லி, ஆதார் அட்டையையோ பள்ளி அடையாள அட்டையையோ காட்டுங்கள். அறைக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் நீதிபதியை நோக்கித் தலை வணங்குவது வழக்கம். வழக்கறிஞர்களுக்கான முன்வரிசை நாற்காலிகளை விட்டுவிட்டுப் பின்னால் உள்ள பெஞ்சில் உட்காருங்கள். செல்பேசியை அணைத்துவிடுங்கள், படம் எடுப்பதும் பேச்சைப் பதிவு செய்வதும் கூடவே கூடாது. யாராவது எழுந்திருக்கச் சொன்னால் வாதாடாமல் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். அன்று அந்த அறையில் நெருக்கடி இருந்திருக்கலாம், சாட்சி தயங்கியிருக்கலாம். அடுத்த அறை திறந்திருக்கும்.

இது தெரிந்திருந்தால், வழக்கறிஞர் யாரும் கிடைக்கும் முன்பே இரண்டு நாட்கள் தனியாகப் போய்ப் பார்க்கலாம் என்பது புரியும். அப்படிப் பார்த்துவிட்டு வருபவரை நான் மறுத்ததே இல்லை.

எந்த வழக்குகளின்போது உள்ளே இருக்கக் கூடாது?

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குகளின் விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பாலியல் வன்கொடுமை வழக்குகளுக்கும் அதுவே முறை. குடும்ப நீதிமன்றத்தில், கணவனோ மனைவியோ கேட்டுக்கொண்டால் மூடிய விசாரணை நடத்தியாக வேண்டும். சிறார்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குள்ளும் பார்வையாளராகப் போக முடியாது. அந்தக் கதவுகளுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பதும் தவறு. உள்ளே இருப்பவர் உங்கள் வயதுக் குழந்தையாக இருக்கலாம்.

எங்கள் உறவில் வக்கீல் யாரும் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதைப் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. அதனால் கடைத்தெருப் பலகைகளிலோ செய்தித்தாளிலோ தேடிப் பயனில்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதற்கான இடங்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். உங்கள் ஊரில் பத்திரப் பதிவுக்கு ஆவணம் எழுதுபவருக்கு நாலைந்து வக்கீல்களையாவது தெரிந்திருக்கும். கூட்டுறவு வங்கி, ஊராட்சி அலுவலகம், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஆகியவற்றோடு தொடர்புள்ள வழக்கறிஞர்கள் இருப்பார்கள். உங்கள் தலைமையாசிரியர் எழுதித் தரும் நான்கு வரிக் கடிதத்துக்கு இந்த ஊரில் இன்னும் மதிப்பு இருக்கிறது.

நீதிமன்ற வளாகத்திலேயே வழக்கறிஞர் சங்கம் இருக்கிறது. மதிய உணவு இடைவேளையில் அங்கே போய், சங்க நிர்வாகிகளில் ஒருவரைப் பார்த்து, வந்த காரியத்தைச் சொல்லுங்கள். கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தோடுதான் நானும் ஒரு நாள் நின்றேன்.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்த அமைப்பு, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவசமாக வழக்கறிஞரை ஏற்பாடு செய்கிறது. இதன் பட்டியலில் உள்ள வழக்கறிஞர்கள் ஏழைக் கட்சிக்காரர்களோடு பொறுமையாகப் பேசப் பழகியவர்கள். ஒரு மாணவரையும் அதே பொறுமையோடு நடத்துவார்கள் என்பது என் அனுபவம்.

காட்பாடி அரசு சட்டக் கல்லூரியில் இப்போது படிக்கும் மாணவர் ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால் அவரையும் கேளுங்கள். எந்த சீனியர் சொல்லிக் கொடுப்பார், எந்த அலுவலகத்தில் ஆறு மாதம் இருந்தாலும் ஒரு வழக்குக் கட்டைக்கூடப் பிரித்துப் பார்க்க விடமாட்டார்கள் என்று மாணவர்களுக்குத் தெரியும்.

முதல் முறை அணுகும்போது என்ன சொல்ல வேண்டும்?

நேரில் போவது நல்லது. காலை 10 மணிக்கு மேல் எந்த வழக்கறிஞரையும் வழிமறிக்காதீர்கள். பத்தரை மணிக்கு நீதிமன்றம் கூடும் என்பதால் அந்த அரைமணி நேரத்தில் அவர் மனம் முழுக்க அன்றைய வழக்குப் பட்டியலில் இருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் அலுவலகத்துக்குப் போய், முதலில் வக்கீல் குமாஸ்தாவிடம் சொல்லுங்கள். குமாஸ்தா சரி என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. கையில் ஒரு கடிதம் இருக்கட்டும். நீளமாக வேண்டாம். இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் குடியாத்தம் அரசு மேல்நிலைப் பள்ளியில் இந்த ஆண்டு பிளஸ் டூ தேர்வு எழுதியுள்ளேன். சட்டம் படிக்க விரும்புகிறேன். எங்கள் குடும்பத்தில் வழக்கறிஞர் யாரும் இல்லாததால் இத்தொழிலின் அன்றாடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஏப்ரல் மாதத்தில் தங்களுக்கு வசதியான ஐந்து நாட்கள் தங்களுடன் நீதிமன்றத்துக்கு வந்து, பின்னால் அமர்ந்து கவனிக்க அனுமதி வேண்டுகிறேன். கட்சிக்காரர்களைப் பற்றிக் கேள்விப்படும் எதையும் வெளியே சொல்லமாட்டேன். தாங்கள் வெளியே இருக்கச் சொல்லும்போது வெளியே இருப்பேன். என் தந்தையின் கையொப்பமும் தொலைபேசி எண்ணும் கீழே உள்ளன.”

எத்தனை நாள், எந்த மாதம், எதைச் செய்யமாட்டேன் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. ‘சமூகத்துக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது சிறு வயதுக் கனவு’ என்பதுபோல் அரைப் பக்கம் எழுதினால் படிக்க நேரம் இருக்காது. வழக்கறிஞர் அம்மையார் என்றால் ‘அம்மா’ என்று எழுதுங்கள். நேரில் ‘சார்’, ‘மேடம்’ என்று அழைப்பதே நீதிமன்றத்தில் வழக்கமாகிவிட்டது, அதில் தவறில்லை. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்குப் பிறகும் பதில் இல்லையென்றால் வேறொருவரைப் பாருங்கள்.

எப்போது போவது நல்லது? எத்தனை நாட்கள்?

பிளஸ் டூ தேர்வு மார்ச் மாதத்தில் முடிகிறது. பெரும்பாலானோர் ஏப்ரலில் ஊருக்குப் போய்விட்டு மே மாதத்தில் வருகிறோம் என்கிறார்கள். மே மாதம் முழுவதும் சிவில் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. குற்றவியல் நடுவர் நீதிமன்றங்கள் மட்டும் நடக்கும். சொத்து வழக்கு, விபத்து இழப்பீடு, பாகப்பிரிவினை என்று நம் மாவட்டத்தில் மிகுதியாக நடப்பவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரலை விட்டுவிடாதீர்கள், விட்டுவிட்டால் ஜூன்தான். பட்டம் முடித்து மூன்றாண்டுப் படிப்பில் சேர இருப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

ஒரே ஒரு நாள் வருவதில் பயனில்லை. முதல் நாள் எல்லாமே இரைச்சலாகத் தெரியும். பெயர் கூப்பிடுகிறார்கள், யாரோ எழுந்து நிற்கிறார், ஒரு தேதி சொல்லப்படுகிறது, அடுத்த பெயர். மூன்றாம் நாள்தான் அந்தப் பெயர் கூப்பிடுவதற்குள் ஓர் ஒழுங்கு இருப்பது புலப்படும். ஐந்திலிருந்து பத்து வேலை நாட்கள் போதும். அதற்கு மேல் போனால் வழக்கறிஞருக்கும் சுமை, உங்களுக்கும் சேர்க்கை விண்ணப்ப வேலைகள் காத்திருக்கும்.

எந்த வகை வழக்குகளைப் பார்க்கச் சொல்வீர்கள்?

கொலை வழக்கைப் பார்க்க வேண்டும் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். நான் முதலில் காசோலை வழக்கைப் பார்க்கச் சொல்வேன். 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வழக்கில் கதை சிறியது, சட்டம் தெளிவானது. காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் கட்ட வாய்ப்பு உண்டு. கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். இந்த மூன்று கெடுக்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு குறுக்கு விசாரணையைக் கேளுங்கள். வழக்கறிஞர் ஏன் அஞ்சல் ஒப்புகை அட்டையின் தேதியையே பத்து நிமிடம் சுற்றிச் சுற்றி வருகிறார் என்பது தானாகவே விளங்கும். ஒரு தேதி ஒருவருடைய பணத்தையோ விடுதலையையோ தீர்மானிக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகப் பாடப்புத்தகம் காட்டாது.

இரண்டாவது, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்கு. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை நம் ஊர் வழியாகப் போவதால் இவ்வழக்குகளுக்குக் குறைவே இல்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்கீழ் மனு போடுகிறார்கள். மருத்துவர் சாட்சிக் கூண்டில் ஏறி ஊனத்தின் சதவீதத்தைச் சொல்வார். காப்பீட்டு நிறுவன வழக்கறிஞர் அதைக் குறைக்கப் பார்ப்பார். லாரியில் அடிபட்ட கட்டடத் தொழிலாளியின் மாத வருமானத்துக்குச் சான்று எங்கிருந்து கொண்டுவருவது என்ற கேள்வியில், அவருக்கு அத்தனை ஆண்டுகள் கூலிச் சீட்டே கொடுக்கப்படாத உண்மை வெளிப்படும். அந்த இடத்தில் வழக்கறிஞர் எப்படி யோசிக்கிறார் என்று பாருங்கள்.

மூன்றாவது, நில வழக்கு. பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, மூல பத்திரம் ஆகியவற்றை உங்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள். நீதிமன்றத்தில் அவை சான்றாவணங்களாக எண்ணிடப்படுவதைப் பாருங்கள். ஒரு பழைய விடுதலைப் பத்திரத்தில் எல்லை எழுதியிருக்கும் விதத்தைப் பற்றி இரண்டு வழக்கறிஞர்கள் ஒரு மணி நேரம் வாதாடுவதைக் கேட்டு உங்களுக்கு ஆர்வம் வருகிறதா, தூக்கம் வருகிறதா என்று உண்மையாகக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுமே பயனுள்ள பதில்கள்தாம்.

பெரிய வழக்குகள் சென்னையிலும் டெல்லியிலும்தான் பிறக்கின்றன என்று எண்ண வேண்டாம். வட ஆற்காட்டுத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும், தீங்கு வரும் முன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அறிவித்தது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்ததோடு, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி அமர்வு அமைக்கவும் சொன்னது. இன்று இந்தியாவில் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் நம் ஊர்ப் பெயரைச் சுமந்த அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார். வறண்ட பாலாற்றுப் பாலத்தைப் பேருந்தில் கடந்துதான் காட்பாடிப் பிள்ளைகள் சத்துவாச்சாரிக்கு வர வேண்டும் என்பதால், இதைச் சொல்லாமல் என்னால் எந்த மாணவரையும் அனுப்ப முடிவதில்லை.

என்ன உடை அணிய வேண்டும்? கறுப்புக் கோட் வேண்டுமா?

வேண்டாம். கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையும் அங்கியும் வழக்கறிஞருக்கு உரியவை. இன்டர்ன்ஷிப் செய்யும் சட்ட மாணவருக்குக் கறுப்புக் கோட்டும் கறுப்பு டையும் விதியில் உண்டு. நீங்கள் இரண்டு வகையிலும் சேர்ந்தவர் அல்ல. கட்சிக்காரர் உங்களை ஜூனியர் என்று நினைத்து ஒரு சந்தேகம் கேட்டுவிட்டால், அந்தத் தவறு உங்கள் உடையிலிருந்து தொடங்கியதாகிவிடும். வெளிர் நிறச் சட்டை, அடர்நிறப் பேன்ட். அல்லது எளிய சுடிதார், புடவை. வேலூர் வெயிலுக்குப் பருத்தியே நல்லது.

கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் பேசும்போது நான் உடன் இருக்கலாமா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நானாகத்தான் சொல்கிறேன். கட்சிக்காரர் தன் வழக்கறிஞரிடம் சொல்வதை வெளியிடும்படி அந்த வழக்கறிஞரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அவராக வெளியிடவும் கூடாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 132ஆம் பிரிவு தரும் இந்தப் பாதுகாப்பு வழக்கறிஞரின் குமாஸ்தாவுக்கும் ஊழியர்களுக்கும் மொழிபெயர்ப்பவருக்கும் நீள்கிறது. பார்க்க வந்த மாணவர் இந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் அந்த அறையில் உட்கார்ந்திருப்பதாலேயே ஒருவர் தன் வழக்கறிஞரிடம் மனம் விட்டுச் சொன்னது பாதுகாப்பற்றதாக ஆகிவிடக் கூடும்.

அதனால் நான் கடைப்பிடிக்கும் முறை இது. கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் மாணவர் எழுந்து வெளிவராந்தாவுக்குப் போய்விட வேண்டும்; நான் சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது. கட்சிக்காரரின் சம்மதத்தைக் கேட்டு, அந்தப் பேச்சில் பாதகம் எதுவும் இல்லை என்று எனக்கு உறுதியாகத் தோன்றினால் மட்டுமே திரும்ப அழைப்பேன். மாணவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘பரவாயில்லைங்க, இருக்கட்டும்’ என்று கட்சிக்காரர் சொன்னாலும் அதை நான் உடனே ஏற்பதில்லை. வக்கீல் கேட்கும்போது மறுத்தால் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்து தலையாட்டுபவர்கள் நம் பக்கத்தில் அதிகம்.

குறிப்பேட்டில் பெயர்களை எழுதாதீர்கள். வாதி, பிரதிவாதி, முதல் சாட்சி என்று எழுதுங்கள். வாட்ஸ்அப் நிலைத்தகவலில் நீதிமன்ற வாசல் படத்தைக்கூடப் போட வேண்டாம். வீட்டில் அம்மா கேட்டாலும், ‘இன்று ஒரு பாகப்பிரிவினை வழக்கு பார்த்தேன்’ என்பதோடு நிறுத்துங்கள். ஊர் சிறியது, இரண்டு தெரு தள்ளி அந்த வழக்கின் எதிர்தரப்பு இருக்கும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அலுவலக வேலை ஏதாவது செய்யச் சொன்னால் செய்யலாமா?

கட்டுகளை எண் வரிசையில் அடுக்குவது, நகல் எடுத்து வருவது, அடுத்த வாய்தா தேதிகளை நாட்குறிப்பில் ஏற்றுவது போன்றவை நல்ல பயிற்சி. கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்வது, நீதிபதி முன் எழுந்து நின்று வாய்தா கேட்பது, கட்சிக்காரரிடம் பணம் வாங்குவது ஆகியவை எக்காரணத்தாலும் கூடாது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி, பதிவு செய்யாத ஒருவர் தொழில் செய்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. ‘சும்மா பேரைச் சொல்லி ஆஜர் கொடுத்துவிட்டு வா’ என்று யாராவது விளையாட்டாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

நான் கல்லூரியில் சேர்வதற்கு முன் ஓர் அலுவலகத்துக்கு மூன்று வாரம் போனேன். அந்த நாட்களில் நான் பார்த்தது ரேஷன் கடை வரிசையும், மின்கட்டண அலுவலகமும், அந்த வீட்டுப் பிள்ளைகளின் பள்ளி வாசலும்தான். ஒரு நாள்கூட நீதிமன்றத்துக்குள் போகவில்லை. மறுத்தால் சட்டம் படிக்கும் வாய்ப்பே போய்விடும் என்று அந்த வயதில் நம்பினேன். அப்படி எதுவும் போகாது. இரண்டு நாள் பாருங்கள். மூன்றாம் நாளும் வீட்டு வேலையே என்றால் நன்றி சொல்லிவிட்டு விலகிவிடுங்கள்.

பணம் கட்ட வேண்டுமா? எங்களுக்கு ஏதாவது தருவார்களா?

இரண்டும் இல்லை. பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். பேருந்துச் செலவும் மதியச் சாப்பாடும் உங்களுடையது. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவதே நல்லது.

பெண் பிள்ளையை அனுப்பத் தயங்குகிறோம். என்ன செய்யலாம்?

பெற்றோரின் தயக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். முதல் நாள் அம்மாவோ அப்பாவோ உடன் வந்து அலுவலகத்தைப் பார்த்துவிட்டு, வழக்கறிஞரோடு நேரில் பேசிவிட்டுப் போகட்டும். பெண் வழக்கறிஞர்கள் வேலூரில் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது எளிது. பகல் நேரத்து நீதிமன்றப் பார்வை மட்டும் போதும், மாலை அலுவலக நேரம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடலாம். யாராவது அலுவலகத்துக்கு வெளியே தனியாகச் சந்திக்கச் சொன்னாலோ, இரவில் தேவையில்லாமல் செய்தி அனுப்பினாலோ, அன்றே வீட்டில் சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. அங்கே நடப்பது புரியுமா?

புரியும். கீழமை நீதிமன்றங்களில் தமிழ்தான் அன்றாட மொழி. சாட்சியத்தைத் தமிழில் பதிவு செய்வதற்கு 1976ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தமே வழி செய்திருக்கிறது. பிராது, எதிருரை, முதல் விசாரணை, குறுக்கு விசாரணை ஆகிய சொற்களை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான். சட்ட நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆகவே ஆங்கிலம் படிக்கும் பழக்கத்தை இப்போதே தொடங்க வேண்டும். பேச வராததற்காகப் பின்வாங்க வேண்டியதில்லை. தமிழில் தெளிவாகக் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞருக்கு எந்தச் சாட்சியும் அஞ்சுவார்.

இது கல்லூரிச் சேர்க்கைக்கு உதவுமா? சான்றிதழ் கிடைக்குமா?

உதவாது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அரசுக் கல்லூரிகளில் மதிப்பெண் தரவரிசைப்படிச் சேர்க்கை நடக்கிறது; திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற நுழைவுத் தேர்வு. இரண்டிலும் இந்த நாட்களுக்கு மதிப்பெண் கிடையாது. சான்றிதழுக்காக வருகிறேன் என்பவரிடம் நான் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறேன்.

வழக்கறிஞரிடம் என்னென்ன கேட்கலாம்?

வழக்கு நடக்கும்போது எதையும் கேட்காதீர்கள். மாலையில் ஒரு நாளைக்கு மூன்று கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அந்தச் சாட்சியிடம் ஏன் அதற்கு மேல் கேட்காமல் உட்கார்ந்துவிட்டீர்கள்?’ என்ற கேள்வி, ‘வக்கீலாக என்ன தகுதி வேண்டும்?’ என்பதைவிட நூறு மடங்கு நல்லது.

சீனியரிடம் மட்டுமல்லாமல் ஜூனியர்களிடமும் பேசுங்கள். காலை எத்தனை மணிக்கு வருகிறார்கள், முதல் சொந்த வழக்கு எத்தனை ஆண்டுகள் கழித்து வந்தது, கையில் எவ்வளவு கிடைக்கிறது என்று மரியாதையோடு கேளுங்கள். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தர வகை செய்யுமாறு தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. அத்தகைய உத்தரவு தேவைப்பட்டதே தொடக்க ஆண்டுகள் எப்படி இருக்கின்றன என்பதைச் சொல்லும். வீட்டிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகள் தாங்க முடியுமா என்று பெற்றோரோடு இப்போதே பேசிவிடுங்கள். இதை மறைத்துப் பிள்ளைகளைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்புவதை நான் பெரிய அநியாயமாகக் கருதுகிறேன்.

எல்லோரும் மறுத்துவிட்டால்?

நீதிமன்றம் திறந்திருக்கிறது என்று முன்பே சொன்னேன். சமரசத்தில் வழக்குகளை முடிக்கும் தேசிய மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்) நடக்கும் சனிக்கிழமை ஒன்றில் சத்துவாச்சாரிக்குப் போங்கள். காப்பீட்டு நிறுவனமும் காயம்பட்டவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தொகை பேசுவதையும், கையெழுத்தானதும் அது மேல்முறையீடு இல்லாத தீர்ப்பாகிவிடுவதையும் காணலாம். உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு விசாரணைகள் 2022 செப்டம்பர் முதல் நேரலையில் வருகின்றன, வீட்டிலிருந்தே பார்க்கலாம். அந்த நேரலைக்கு வழி திறந்த 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பின் மனுதாரர்களில் ஸ்வப்னில் திரிபாதி என்ற சட்ட மாணவரும் ஒருவர். குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, அரக்கோணம் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் வேலூருக்கு வந்தாக வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் ஊர் நீதிமன்றத்தில் கூட்டம் குறைவு. பேச்சு தெளிவாகக் காதில் விழும். ஒரு வாரம் தொடர்ந்து வரும் மாணவரை அங்குள்ள வழக்கறிஞர்களே கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

நான் பார்த்த வழக்கு முடிவதற்குள் என் நாட்கள் முடிந்துவிட்டன. பிறகு என்ன ஆயிற்று என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் அதை உள்ளிட்டால் அடுத்த வாய்தா எப்போது, எந்த நிலையில் இருக்கிறது, உத்தரவு வந்துவிட்டதா என்பதெல்லாம் தெரியும். நீங்கள் பார்த்தவற்றில் ஒரே ஒரு சிவில் வழக்கின் எண்ணை வழக்கறிஞரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் பத்து நாள் என்னோடு இருந்த ஒரு மாணவி அப்படி ஒரு நில வழக்கின் எண்ணை எழுதிக்கொண்டு போனார். இப்போது அவர் மூன்றாம் ஆண்டு சட்டம் படிக்கிறார். அந்த வழக்கு பிரதிவாதித் தரப்புச் சாட்சியத்தில் நிற்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் நாள் இரவு, ‘மேடம், நாளைக்கு எந்தச் சாட்சி?’ என்று அவரிடமிருந்து எனக்குச் செய்தி வருகிறது.